ஐந்தாம் நிலவறையின் வரைபடம்

குண்டசாலை,
16.11.2008

மதிப்புக்குரிய நவரட்ணராஜா ஐயாவுக்கு,

காத்தமுத்து எழுதுகிறேன். நானே, என் கையால். எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரிகள் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன. காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இந்த நாலு வரிக்குள் பக்கத்து வீட்டில் மத்தியானச் சோறு வடித்துவிட்டார்கள். முதலில் இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன், இது மூன்றாவது. அன்னலட்சுமி டீச்சர் பிழை பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பிழை இருந்தால் அதுவும் என்னுடையதாகவே உங்களிடம் வரட்டும்.

ஏப்ரல் மாதத்திலிருந்து கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. செவ்வாயும் வியாழனும் பின்னேரம். ஆறு பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். அறுபத்தெட்டு வயதில் பள்ளிப்பிள்ளை மாதிரிப் பலகை வாங்கில் போய் உட்கார முதல் நாள் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருக்கும் மூக்காயி, "அண்ணே, பேனாவ மம்பட்டி மாதிரி புடிக்காதீங்க, தாளு பொத்துக்கிட்டு மேசைக்குப் போயிடும்" என்றாள். உண்மையில் பொத்துக்கொண்டுதான் போனது. இப்போது பஸ் பலகை படிக்கிறேன். தீப்பெட்டி படிக்கிறேன். பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை இருக்கிறதல்லவா, இத்தனை வருடமாக அதை 'வாருங்கள்' என்று நினைத்து உள்ளே போயிருக்கிறேன். 'செருப்பைக் கழற்றவும்' என்று போட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

இனி ஒரு கவலை. நமது பாதாளக் கோட்டையைக் கெடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்தவர்கள் கடந்த மாதம் எல்லா நிலவறைகளையும் மாற்றிவிட்டார்கள். உள்ளே இறங்கினால் தரையில் பச்சை அம்புக்குறி ஒன்று முன்னால் ஓடுகிறது, நாம் பின்னால் ஓட வேண்டியதுதான். பொறி எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பாக மின்னுகிறது. செத்தால் வாசலுக்குத் திரும்ப வேண்டியதில்லை, செத்த இடத்திலேயே எழும்பலாம். நீங்களும் நானும் ஐந்தாம் நிலவறையைக் கடக்க பதினொரு மாதம் எடுத்தோம். நேற்று ஒரு ஆள் தேத்தண்ணி ஆறுவதற்குள் அதை முடித்துவிட்டு எழும்பிப் போனார்.

அதைவிட மோசம், கூட வர ஆளே தேவையில்லை. கேடயக்காரனான எனக்குத் துணையாக விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்மை வருகிறது. உங்கள் இடத்தில். நீங்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சுவரில் தெரியும் எழுத்தை வாசித்துச் சொன்னால்தானே நான் அடுத்த அடி வைப்பேன். இப்போது அந்தப் பொம்மை தானாகவே சத்தமாக வாசித்துவிடுகிறது. சுவரில் எழுத்தையே எடுத்துவிட்டார்கள். நான் எழுத்துப் படித்து வந்த வருடம் பார்த்து.

நான் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு மஹ்மூத் முதலாளி, "எனத்துக்கு மிஷினோட சண்ட புடிக்கிறீங்க? லேசாக்கினது நல்லம்தானே, நாலு பேர் கூட வருவாங்க" என்றார். அவர் இன்டர்நெட் கடை நடத்துகிறவர், அப்படித்தான் சொல்வார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பழைய நிலவறைகளை ஜனவரி 31 வரை ஒரு பக்கமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு பூட்டு. ஏழாவதை நாம் பார்த்ததே இல்லை. அதன் கதவைத் திறக்க இரண்டு பேர் இரண்டு கல்லில் ஒரே நேரம் நிற்க வேண்டுமாம், பொம்மை நின்றால் திறக்காதாம். பண்டாரவளையிலும் இன்டர்நெட் கடை இருக்கும். நீங்கள் அங்கிருந்தே விளையாட்டுக்குள் வந்தால் போதும்.

பெப்ரவரியில் உங்களைப் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. உங்கள் தங்கச்சி லீலாதேவி அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் நினைப்போடு,
காத்தமுத்து


பண்டாரவளை,
27.11.2008

அன்புள்ள காத்தமுத்து அண்ணைக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. உறையில் கையெழுத்தைப் பார்த்து யாரென்று பிடிபடவில்லை. திறந்து முதல் வரியை வாசித்துவிட்டு லீலாதேவியைக் கூப்பிட்டேன். அவ வாசித்துவிட்டு, "இந்த மனுசனுக்கோ எழுத்துத் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டா. கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. ரயில்வேயில் முப்பத்தொரு வருசம் வேலை செய்தேன், இதைவிட மோசமான கையெழுத்தோடு பெரிய பெரிய அதிகாரிகள் இருந்தார்கள்.

இங்கே குளிர் கூட. எனக்குச் சுகம்தான், இரவில் மட்டும் முழங்கால் குத்துகிறது. தங்கச்சி வீட்டில் ஒரு அறை தந்திருக்கிறா. ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிறேன். வாசிக்க நல்ல செய்தி ஒன்றுமில்லை.

விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் உள்ளதை எழுதுகிறேன். இங்கே ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடை இருக்கிறது. போன மாதம் நானும் போய்ப் புதிய நிலவறையில் இறங்கிப் பார்த்தேன். எனக்கு அது பிடித்தது. அம்பு காட்டிய வழியே போனேன், சிவப்பு மின்னிய இடத்தை விட்டு விலகினேன், வெளியே வந்துவிட்டேன். எதையும் தாளில் எழுத வேண்டியிருக்கவில்லை. வழி இதுதான் என்று தெரிந்து நடப்பதில் எனக்கு இப்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு வருசத்துக்கு முன்பே அவர்கள் இப்படிச் செய்திருந்தால் நீங்களும் நானும் வரைபடம் கீறியிருக்கவே மாட்டோம்.

ஆகவே ஏழாவதற்கு என்னை எதிர்பார்க்காதேங்கோ. வேறு யாரும் விளக்குக்காரர் கிடைப்பார்.

எழுத்துப் படித்தது மிகவும் நல்ல காரியம். விட்டுவிடாமல் தொடருங்கோ. மஹ்மூதுக்கும் அவர் மனைவி ஜெஸீமாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கோ.

நவரட்ணராஜா


குண்டசாலை,
07.12.2008

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி அவர் முன்னாலேயே பிரித்து வாசித்தேன். இருபது வருடமாக இந்தப் பக்கம் வருகிற மனுஷன், என் பெயருக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் அவர்தான் வாசித்துச் சொல்லியிருக்கிறார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும் வரை நின்றார். "என்னவாம்?" என்று கேட்டார். "வர மாட்டாராம்" என்றேன்.

வரைபடத்தைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால் நானும் எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதில்லை.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்தாம் நிலவறையைக் கீறியது நான். நீங்கள் சும்மா கோடு போதும், ஞாபகம் இருக்கும் என்றீர்கள். எனக்குத்தான் ஆசை, ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் எழுதச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து இருந்தால் அது உண்மையான வரைபடம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தீர்கள். சுரங்க வாயில். இரண்டு காவலர். இந்தக் கல்லை மிதித்தால் வெடிக்கும். நான் அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். யுத்தம் நடக்கிற நாட்டில் இரண்டு தமிழ்க் கிழவர்கள் அப்படி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். நமக்கு அது ஒரு விளையாட்டுத் தாள். வேறு மாதிரியும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் பையிலிருந்துதான் எடுத்தார்கள். தமிழ் வாசிக்கிற ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசிக்க வாசிக்க எல்லாருடைய முகமும் மாறியது. யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். எனக்கு எழுதத் தெரியாது ஐயா என்று நான் சிங்களத்தில் சொன்னேன். பேனாவைக் கையில் தந்து பெயரை எழுதச் சொன்னார். நான் அதைப் பிடித்த பிடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நீங்கள் உடனே, நான் எழுதியது, இது ஒரு கேம் என்றீர்கள். உங்கள் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. உங்களுக்குச் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வரும். எனக்கு நன்றாக வரும். இது நான் கீறிய படம், வாருங்கள் மஹ்மூத் கடைக்கு, மிஷினில் காட்டுகிறேன் என்று நாலு வசனம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தில் பெருவிரலை வைத்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான். மஹ்மூத் முதலாளி போய் உங்களை வெளியே எடுத்தார் அல்லவா, கேமின் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பதினோராம் நாள். நான் முதல் நாளே அவரிடம் ஓடிப் போய்ச் சொன்னதாகவும், அவருக்கு ஆட்களைப் பிடிக்க அத்தனை நாள் எடுத்ததாகவும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. ஒன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. "நவரட்ணராஜா ஐயா எங்க, ரெண்டு பேரும் ஒண்டாத்தானே வருவீங்க" என்று அவர் கேட்டபோது கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். ஒன்பது நாளும் கடைக்குப் போனேன். உங்கள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள்தான் வாய் திறந்தது. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. எழும்பி ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்.

எழுதத் தெரியாதவன் என்பதால்தான் அன்று தப்பினேன். அதன் பிறகு எழுதத் தெரியாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதுதான் வகுப்புக்குப் போன காரணம். அன்னலட்சுமி டீச்சரிடம் பஸ் பலகை வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பழைய நிலவறை மேல் எனக்கு இருக்கிற ஆசையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு அது என்ன கொண்டு வந்தது என்று தெரிந்தும் அம்புக்குறி வேண்டாம் என்கிறேன். ஆனாலும் பொய் எழுத மாட்டேன். எனக்கு அந்த இருட்டில் நீங்கள் வாசிக்கக் காத்து நிற்பதுதான் பிடித்திருந்தது.

பதில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

காத்தமுத்து


பண்டாரவளை,
12.01.2009

காத்தமுத்து அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் போட முடியவில்லை என்பது பொய். போட விருப்பமில்லை. அந்த ஒன்பது நாள் கதை எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டுத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். லீலாதேவி, "என்ன, சண்டையோ?" என்றா. "இல்லை, அவர் எழுதப் பழகிவிட்டார்" என்றேன்.

இந்த மாதத் தொடக்கத்தில், வடக்கில் இராணுவம் வென்றதென்று இங்கே வீதியில் வெடி கொளுத்தினார்கள், கடைகளில் பாற்சோறு கொடுத்தார்கள். உங்கள் பக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அப்போதுதான் அலுமாரியைத் திறந்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

சாவடியில் நீங்கள் வாய் திறக்காததற்கு எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை. இரண்டு பேராக உள்ளே போவதால் என்ன லாபம்? எழுதத் தெரியாது என்று நீங்கள் சொன்னபோது, நல்லது, ஒரு ஆள் வெளியே போய்ச் சொல்ல இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒன்பது நாள் வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் பயந்த மனுசன் செய்கிற வேலை அது. எனக்கும் பயம் தெரியும். உள்ளே இருந்தபோது நானும் வடிவாக நடந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

என்னுடைய கோபம் வேறு. நீங்கள் இரண்டு கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வெளியே வந்த பிறகு நான் பேராதனையில் என் அறையில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தேன். மஹ்மூத் வந்தார். ஜெஸீமா ஒவ்வொரு நாளும் சாப்பாடு கட்டி அனுப்பினா. ரயில்வேயில் என்னோடு வேலை செய்த சிங்களப் பெடியன் ஒருவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனான். மாடிப்படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கதவைப் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. குண்டசாலைக்கும் பேராதனைக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் கிழமை முடிய இங்கே வந்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டேன், இனி மனதில் வைத்திருக்க மாட்டேன்.

31ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்குள்ள கடையில் உட்காருகிறேன். நிலவறை எனக்கு வேண்டியதில்லை. நீங்கள் கேட்டதற்காக வருகிறேன். நீங்கள் இடப்பக்கக் கல்லில் நில்லுங்கோ, நான் வலப்பக்கம். உள்ளே என்ன இருந்தாலும் தாளில் கீற மாட்டோம்.

மகன் ஜேர்மனிக்கு வரச் சொல்லி அலுவல் பார்க்கிறான். பங்குனியில் சரிவரும் போல இருக்கிறது. அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நவரட்ணராஜா


குண்டசாலை,
25.01.2009

அன்புள்ள ஐயாவுக்கு,

இந்த முறை 'அன்புள்ள' என்று துணிந்து எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் மதிப்புக்குரிய என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்து வாசித்தேன். முதல் நாள் 31ஆம் திகதி வருகிறேன் என்ற வரியை மட்டும் வாசித்துவிட்டு ஓட்டமாகக் கடைக்குப் போனேன். மஹ்மூத் முதலாளியிடம் காட்டினேன். அவரும் வாசித்துவிட்டு, "அப்ப சனிக்கிழம மூணாம் நம்பர் மிஷின் ஒங்களுக்குத்தான், எவன் வந்தாலும் குடுக்க மாட்டேன்" என்றார். நான் அன்றே பழைய பக்கத்தில் இறங்கி, சுவர் எழுத்தை நானே வாசித்துக்கொண்டு ஏழாம் நிலவறை வாசல் வரை தனியாகப் போய்ப் பார்த்தேன். கதவில் எழுத்து இருக்கிறது. வாசித்தேன். 'இருவர் வந்தால் திற, ஒருவர் வந்தால் இரு' என்று போட்டிருக்கிறது. கடையில் எல்லாருக்கும் கேட்க வாசித்துவிட்டேன் போல. ஜெஸீமா தங்கச்சி உள்ளேயிருந்து, "யாருக்கு ஓதிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டாள்.

இரண்டாம் நாள் கடிதத்தின் மற்றப் பகுதியை வாசித்தேன். மூன்றாம் நாளும் அதையே வாசித்தேன்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்கவில்லை, நான் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் வந்தேன் ஐயா. உங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள தேத்தண்ணிக் கடை வரை வந்தேன். ஒரு பிளேன்டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். உங்களைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. யாராவது பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்பார்களோ என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இதைச் சொல்வதால் வந்ததாகக் கணக்கு வைக்கச் சொல்லவில்லை. படியேறாதவன் வராதவன்தான்.

ஆகவே சனிக்கிழமை நீங்கள் கடைக்குப் போக வேண்டாம். நான் மூன்றாம் நம்பர் மிஷினில் இருக்க மாட்டேன். காலை ரயிலில் பேராதனையில் ஏறுகிறேன். பத்து மணிக்கு நாவலப்பிட்டி தாண்டியிருப்பேன், பின்னேரம் பண்டாரவளையில் இறங்குவேன். அன்றைக்குத்தான் பழைய நிலவறைகளுக்குப் பூட்டு விழுகிறது என்று எனக்குத் தெரியும். வேறு ஒரு நாள் போகலாமே என்று மஹ்மூத் முதலாளியும் சொன்னார். வேறு ஒரு நாள் என்றால் சனிக்கிழமை நீங்கள் அங்கே கல்லில் நிற்பீர்கள், நான் இங்கே நிற்பேன், கதவு திறக்கும், நமக்குச் சந்தோஷமாக இருக்கும். அதன் பிறகு நான் வராமலே இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஏழாவதுக்குள் என்ன இருந்திருக்கும் என்று மஹ்மூத் முதலாளியிடம் கேட்டேன். "எனத்த இருக்கப் போகுது, எட்டாவதுக்குப் போற கதவு" என்றார். அப்படியே வைத்துக்கொள்வோம்.

பயம் இல்லை என்று எழுத மாட்டேன். வழியில் சோதனை இருக்கும் என்கிறார்கள். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொல்வேன். என்ன உறவு என்று கேட்டால் கூட்டாளி என்று சொல்வேன். சிங்களத்தில் சொல்லிப் பழகி வைத்திருக்கிறேன். பையில் மாற்று வேட்டியும் சாரமும் ஜெஸீமா தங்கச்சி தரும் தொதல் இனிப்பும்தான் இருக்கும். தாள் ஒன்றும் கிடையாது.

உங்கள் வீடு எது என்று ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொள்கிறேன். நீங்கள் முழங்கால் வலியோடு வந்து காத்து நிற்க வேண்டாம்.

என்னைப் பார்க்க உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் அதை எழுதி அனுப்பவும் வேண்டாம், அது வந்து சேர முன் நான் புறப்பட்டுவிடுவேன். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள் என்று லீலாதேவி அம்மா வாசலில் நின்று சொன்னால் போதும். படி வரை வந்தேன் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லி உங்களுக்கும் தெரியும். தொதலைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போய், காலை ரயில் வரும் வரை அங்கேயே படுத்துக்கொள்வேன். மனவருத்தப்பட மாட்டேன். ஊருக்குத் திரும்பி வந்து, கை கொஞ்சம் ஆறியதும், அடுத்த கிழமை மறுபடியும் உங்களுக்கு எழுதுவேன்.

காத்தமுத்து